கடிகாரம் கட்டிய கை

ஆர்னி ஹார்யு கூரையிலிருந்து விழுந்தது ஒருவகையில் நல்லதற்குத்தான் என்று அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் பேசிக்கொண்டார்கள். விழாமல் இருந்திருந்தால் அவன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜனவரியில் நான்கு நாள் விடாமல் பனி கொட்டியது. அமெரிக்காவின் வடக்கெல்லையில் சுப்பீரியர் ஏரியிலிருந்து வருகிற பனி அப்படித்தான், வந்தால் கூரை முறிகிறவரை நிற்காது. ஐந்தாம் நாள் ஏணி வைத்து ஏறிப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த ஆர்னி, தள்ளிய பனியோடு தானும் வந்து சேர்ந்தான். கீழே இடுப்பளவுக்குப் பனி கிடந்ததால் எலும்பு ஒன்றும் முறியவில்லை. நினைவு மட்டும் தப்பிவிட்டது. நினைவோடு இருந்திருந்தால் ஆம்புலன்ஸில் கால் வைத்திருக்க மாட்டான். அவன் மனைவி டார்லா அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டாள்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். தலையில் ஒன்றுமில்லை. வயிற்றில், முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்திருந்தது.

"எப்ப வேணும்னாலும் வெடிக்கலாம்," என்றார் மருத்துவர். "வெடிச்சா இங்க கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்காது. ஒரு மாசத்துக்குள்ள அறுவை சிகிச்சை பண்ணிடலாம். பெரும்பாலும் நல்லபடியா முடியற விஷயம்தான்."

"மயக்க மருந்து குடுப்பீங்களா?" என்று கேட்டான் ஆர்னி.

"குடுக்காம எப்படி?"

"அப்ப வேண்டாம்," என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தேடினான்.

மயக்க மருந்துக்கு அவன் ஏன் பயந்தான் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பயத்தை அவனுக்குள் ஊற்றியவன் அவன் தம்பி வெண்டல் என்பதும் தெரியும். வெண்டலுக்கும் தெரியும். டார்லா தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது அவன் பனி வாரும் லாரியின் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். எஞ்சினை நிறுத்தினான். பின்னால் வந்த பள்ளிப் பேருந்து ஒலியெழுப்பிய பிறகுதான் நடுச்சாலையில் நிற்கிறோம் என்று உறைத்தது.

*

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா இதே மருத்துவமனையில் இறந்துபோனாள். பித்தப்பையில் கல், சின்ன அறுவை சிகிச்சை. அது முடிந்து கண்விழித்து, ஆரஞ்சு ஜெல்லி கேட்டு வாங்கித் தின்று, அதற்கு அடுத்த நாள் மாலை இறந்தாள். வெண்டலால் அதை ஏற்க முடியவில்லை. வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து காரணம் தேடினான். காரணம் தேடுகிறவனுக்கு அங்கே காரணத்துக்குப் பஞ்சமில்லை. மயக்கத்தில் இருக்கும்போது தோலுக்கடியில் ஒரு துகளை வைத்துவிடுகிறார்கள், அதைத் தாங்காத உடம்புகள் செத்துப்போகின்றன, விஷயத்தை மூடிவிடுகிறார்கள் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் கேட்டான். பிறகு அவனே சொன்னான். 'மூடாத கண்' என்று ஒரு சேனல். மூன்று வருடத்தில் தொண்ணூறாயிரம் பேர். அவன் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு விஸ்கான்சினுக்குத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குக்கூட ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னான்.

ஆர்னி அவனைவிட ஏழு வயது மூத்தவன். மரம் அறுக்கும் ஆலையில் முப்பது வருடம் வேலை செய்தவன், அதிகம் பேசாதவன். அவன் தம்பியை நம்பினான், முழுதாக நம்பினான். சில நாள் தம்பியின் நேரலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவான்.

இப்படிச் சேனல் நடத்துகிற ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. என்றைக்காவது நம்மைப் பிடித்து, மிரட்டி, 'நான் சொன்னதெல்லாம் பொய்' என்று கேமரா முன்னால் சொல்லவைப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். அதனால் முன்கூட்டியே ஓர் அடையாளம் சொல்லிவைப்பார்கள். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தால் என் பேச்சை நம்பாதீர்கள் என்பான் ஒருவன். காபிக் கோப்பையின் காது சுவரைப் பார்த்திருந்தால் நான் கைதி என்பாள் ஒருத்தி. வெண்டலும் சொன்னான். ஒன்றா இரண்டா, மாதத்துக்கு ஒரு புது அடையாளம். மூன்று மணி நேர நேரலையில் வாய் என்னென்னவோ சொல்லும். சொன்னவன் மறந்துபோனான்.

அம்மாவின் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு அவன் எழுதாத கடிதமில்லை. ஒருநாள் அவை தபாலில் வந்தன. உறையைப் பிரிக்காமல் நேரலைக்குக் கொண்டுவந்தான். பதினோராயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிரித்து, ஒவ்வொரு தாளாக உரக்கப் படித்தான். நாற்பத்தோராவது தாள் ஒரு செவிலி கையால் எழுதியது. அதை வாய்க்குள் படித்தான். இன்னொரு முறை படித்தான். "இன்னிக்கு இது போதும்" என்று சொல்லிக் கேமராவை அணைத்தான். 'மூடாத கண்' அதன்பிறகு திறக்கவில்லை.

தாளில் பெரிதாக ஒன்றுமில்லை. மாலை நாலு பத்து: நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, மகன்கள் எங்கே என்று கேட்கிறார். நாலு பதினைந்து: மகன்களுக்குத் தொலைபேசி செய்தோம், எடுக்கவில்லை. நாலு முப்பது: மறுபடி கேட்கிறார், மறுபடி அழைத்தோம், எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து எல்லாம் முடிந்திருந்தது. எங்கே வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் நடப்பது.

நாலு பத்துக்கு மகன்கள் இரண்டு பேரும் உறைந்த ஏரியின்மேல், மீன்பிடிக் குடிலுக்குள் இருந்தார்கள். அம்மா நன்றாக இருக்கிறாளே என்று போயிருந்தார்கள். தொலைபேசிகள் கரையில் வண்டியில் கிடந்தன. குடிலுக்குள் தொலைபேசி வரக்கூடாது என்பது ஆர்னி போட்ட சட்டம். மூன்றரைக்கு வெண்டல், "கிளம்பலாமா? அம்மாவைப் பார்க்கற நேரம் வந்துடும்" என்றான். ஆர்னி தூண்டில் போடப் பனிக்கட்டியில் வெட்டிய துளையிலிருந்து கண்ணெடுக்காமல், "இன்னும் ஒரு மணி நேரம். இப்பதான் கடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்றான். பதினொரு ட்ரௌட் மீன்களோடு கரையேறினார்கள்.

இதைப் பற்றி அண்ணன் தம்பி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசாமலிருக்கத்தான் அந்தத் துகள் கதை தேவைப்பட்டது என்று வெண்டலுக்கு நாற்பத்தோராம் தாளைப் படித்தபோது புரிந்தது.

*

'நான் தவறாகச் சொன்னவை' என்று புதிதாக ஒரு சேனல் தொடங்கினான். அம்மா துணி தைத்த சின்ன அறையில், தையல் இயந்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவளுடைய மேஜைமுன் உட்கார்ந்து வாரம் ஒரு வீடியோ. தான் பழைய நாளில் சொன்ன ஒரு பொய்யை எடுத்து, அதை எங்கே பிடித்தேன், ஏன் நம்பினேன், எங்கே தவறு என்று நிதானமாகச் சொல்வான். கத்த மாட்டான், பாட்டு போட மாட்டான். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் திட்டுவதற்காகப் பார்த்தவர்கள்.

ஊரில் கிண்டல் செய்யாமல் விடுவார்களா? மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுடுகிற பாஸ்டி விற்கும் கடைக்காரி மார்வெல் அவன் உள்ளே நுழைந்ததும் ஆரம்பிப்பாள்.

"வாப்பா வெண்டல். பூமி இன்னிக்கு எப்படி, உருண்டையா தட்டையா?"

"நான் அந்தக் கட்சி இல்லை மார்வெல். அது வேற கும்பல்."

"எல்லாம் ஒரே சட்டியில வெந்ததுதானே. உன் பாஸ்டில டர்னிப் கிழங்கு போடவா, இல்ல அதுலயும் ஏதாவது வெச்சிருப்பாங்களா?"

"ரெண்டு பங்கா போடு," என்பான் வெண்டல். தொட்டால் சுடும் பொட்டலத்தை மார்பில் அணைத்துக்கொண்டு வெளியே வருவான். அந்தக் கிண்டல் அவனுக்குப் பிடித்திருந்தது. கிண்டல் செய்கிறவர்கள் அவனை மறுபடி ஊருக்குள் சேர்த்துக்கொண்டவர்கள்.

சேர்த்துக்கொள்ளாதவன் ஒருவன்தான். நேரலையை அணைத்த அன்றே ஆர்னி டார்லாவிடம், "சின்னவனைப் பிடிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டான். இரண்டு வருடம் தம்பியிடம் பேசவில்லை. தேவாலயத்தில் வேறு வரிசை. கடையில் எதிரே வந்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொள்வான். ஆனால் கோபக்காரனின் முகமாக அது இருக்காது. சிறையில் இருக்கிறவனைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிற முகம் அது.

கூரையிலிருந்து விழுந்த இரண்டு வாரம் கழித்து டார்லா மறுபடி அழைத்தாள்.

"உனக்கு ஒண்ணு சொல்றேன், நான் சொன்னதா காட்டிக்காதே. அவர் உன் வீடியோ பார்க்கிறார். ஒண்ணு விடாம."

"ஆர்னியா?"

"எனக்குத் தெரியாம கராஜ்ல உட்கார்ந்து. ஆனா சத்தத்தை அணைச்சுட்டுப் பார்க்கிறார், வெண்டல். மூக்கு திரையில முட்டற மாதிரி உட்கார்ந்து பார்த்துட்டு, நோட்டுல ஏதோ ஒரு வார்த்தை எழுதி மூடி வெச்சுடறார்."

"சத்தமில்லாம என்னத்தைப் பார்க்கிறான்?"

"உன் மூஞ்சியைத்தான். வேற என்ன இருக்கு அதுல."

வெண்டல் அதற்குத் தானே ஒரு பொருள் சொல்லிக்கொண்டான். காதால் கேட்டால் தோற்றதாகிவிடும், அதனால் கண்ணால் மட்டும் பார்க்கிறான். அண்ணன் பிடிவாதக்காரன். பார்க்கிறான் என்பதே போதும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் டார்லாவின் குரலில் முதல்முறையாக மூச்சு சீராக இருந்தது. "ஒத்துக்கிட்டார். அடுத்த வியாழக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. பையில துணிகூட எடுத்து வெச்சாச்சு. நேத்து சாப்பிடறப்போ திடீர்னு, 'சின்னவன் நிசமாவே மனசு மாறித்தான் பேசறான் போலிருக்கு'ன்னார். நான் வாயே திறக்கலை. உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் வெச்சேன்."

"நான் என்ன செய்யணும் டார்லா?"

"இதுவரைக்கும் செஞ்சதையே செய். ஆனா அம்மாவைப் பத்தி நீ இதுல ஒருநாளும் பேசினதில்லை. அந்தத் தாளைப் பத்தி. வியாழக்கிழமைக்கு முன்னால அதைச் சொல்லிடு. அவர் ஒருவேளை சத்தத்தை வெச்சுக் கேட்டா, அந்தக் கதவும் திறந்திருக்கட்டும்."

*

மூன்று நாள் யோசித்தான். தாளைப் படிக்கலாம். ஏரியைச் சொல்லலாம். ஆனால் 'இன்னும் ஒரு மணி நேரம்' என்று கேட்டவன் யார் என்பதை உலகத்தின் முன்னால் எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை கத்திக்குக் கீழே படுக்கப்போகிறவன் தலையில் அதை எப்படி ஏற்றுவது?

சனிக்கிழமை வழக்கம்போல வீட்டுக்குப் பின்னால் சௌனா அறையில் விறகு மூட்டி, வியர்க்க உட்கார்ந்தான். சூடான கல்லின்மேல் தண்ணீர் ஊற்றக் கையை நீட்டியவன் மனம் வேறெங்கோ இருந்ததால் அடுப்பின் இரும்பில் இடது மணிக்கட்டை வைத்துவிட்டான். தோல் வழன்றுபோயிற்று. மருந்து தடவிக் கட்டுப்போட்டான்.

திங்கட்கிழமை காலை மேஜைமுன் உட்கார்ந்தான். அம்மா ஒரு கிறிஸ்துமஸுக்கு இரண்டு மகன்களுக்கும் ஒரே மாதிரி வாங்கித்தந்த கைக்கடிகாரம் இல்லாமல் அவன் வீடியோ எடுப்பதில்லை. அவள் அடுமனையில் ஏலக்காய் ரொட்டி பிசைந்து சம்பாதித்த காசில் வாங்கியது. அதைக் கட்டிக்கொண்டால்தான் பொய் வராது என்று ஒரு நம்பிக்கை. இடது கையில் புண். வலது கையில் கட்டிக்கொண்டான். கட்டைப் பார்த்து யாராவது என்ன ஏதென்று கேட்பார்கள் என்று இடது சட்டைக் கையைக் கட்டைவிரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அன்று பேசியதுபோல் அவன் அதற்கு முன்னால் பேசியதில்லை. நாற்பத்தோராம் தாளைக் கையில் வைத்துப் படித்தான். குரல் இரண்டு இடத்தில் நின்றது, அதை வெட்டாமல் விட்டான். ஏரியைச் சொன்னான், வண்டியில் கிடந்த தொலைபேசிகளைச் சொன்னான். பிறகு கேமராவை நேராகப் பார்த்து, "என் அண்ணன் கிளம்பலாம்னு சொன்னான். நான்தான் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டேன். அதைத் தாங்க முடியாமத்தான் இத்தனை பொய்யும் சொன்னேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏற்றினான். மாலைக்குள் முப்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். வீடியோவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதிய குறிப்புகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. 'பார்த்தோம்.' 'புரிந்தது.' 'நாங்கள் பார்த்துவிட்டோம், தைரியமாக இரு.' மனிதர்கள் இவ்வளவு நல்லவர்களா என்று நினைத்துக்கொண்டு தூங்கப்போனான்.

புதன்கிழமை விடியும்போது டார்லா அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"பையிலேர்ந்து துணியை எல்லாம் எடுத்து மறுபடி அலமாரியில வெச்சுட்டார். ஏன் வெண்டல், எதுக்குக் கடிகாரத்தை வலது கையில கட்டின?"

*

கராஜில் ஆர்னி மீன்பிடித் துளை போடும் துரப்பணத்தின் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தான். தம்பியைப் பார்த்ததும் எழுந்து முதலில் வானொலியை உரக்க வைத்தான். ஏதோ ஹாக்கி ஆட்டத்தின் வர்ணனை. பிறகு வந்து கட்டிக்கொண்டான். இரண்டு வருடத்துக்குப் பிறகு, மரத்தூளும் எண்ணெயும் மணக்கிற அந்தப் பெரிய மார்பில் வெண்டலின் முகம் பதிந்தது.

"கவலைப்படாதேடா சின்னவனே," என்று காதருகில் சொன்னான். "எனக்குப் புரிஞ்சிடுச்சு. நான் போக மாட்டேன்."

"ஆர்னி, கையில புண்ணு. அதனால மாத்திக் கட்டினேன். அவ்வளவுதான்." சட்டைக் கையை மேலே தள்ளி, கட்டைப் பிரித்துக் காட்டினான்.

ஆர்னி அந்தச் சிவந்த சதையைப் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்தன. "பாவிங்க. சுட்டிருக்காங்களே உன்னை."

"சௌனா அடுப்புடா அது. நானே போய் வெச்சுக்கிட்டேன்."

"ஐம்பது வருஷமா சௌனாவுல உட்கார்றே. ஒருநாள் சுட்டுக்கிட்டதில்லை. இந்த வாரம்தான் சுட்டுதா?"

இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவனே வெண்டல்தான். தற்செயல் என்று ஒன்று கிடையாது என்று தொண்ணூறாயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறான்.

"என் சமையலறையில உட்கார்ந்து சொன்னே," என்றான் ஆர்னி. "நான் பக்கத்துல இருந்தேன். 'நான் வலது கையில கடிகாரம் கட்டிக்கிட்டு வந்தா, வாய் என்ன சொன்னாலும் நம்பாதீங்க'ன்னே. எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு வருஷமா ஒவ்வொரு வாரமும் உன் கையைத்தான் பார்த்தேன். வார்த்தையை யார் வேணும்னாலும் எழுதிக் குடுக்கலாம், அதனால சத்தத்தை வெக்கலை. இடது, இடது, இடது. சரி, நிசமாத்தான் பேசறான், நான்தான் முட்டாள்னு ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வெச்சேன். நேத்து வலது. அப்பதான் சத்தத்தை வெச்சேன்."

"சத்தத்தை வெச்சுக் கேட்டியா? அம்மாவைப் பத்திச் சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன். அதுலதான் உறுதியாச்சு." ஆர்னியின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "நீதான் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டதா சொன்னே. கேட்டது நான். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேற ஒரு உசிருக்குத் தெரியாது. அதை மாத்திச் சொன்னே பாரு, 'இது பொய், ஆர்னி, எல்லாமே பொய்'னு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எவ்வளவு கெட்டிக்காரன்டா நீ."

"உன்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்ன பொய் அது."

"ஆமா. காப்பாத்திட்டே."

வானொலியில் யாரோ கோல் போட்டார்கள். வெண்டல் அண்ணனின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டான். "கேளு. நீதான் கேட்டே. நான் சரின்னேன். அம்மா நம்மளைக் கேட்டாங்க, நாம இல்லை. யாரும் எதையும் வெக்கலை ஆர்னி. வேற ஒண்ணும் நடக்கலை."

ஒரு நொடி ஆர்னியின் முகம் வெறுமையாயிற்று. விளக்கை அணைத்துவிட்டு ஆள் கிளம்பிப்போன வீட்டைப்போல. பிறகு மெதுவாகத் தம்பியின் கைகளை எடுத்துவிட்டான். வானொலிக்குப் போய் இன்னும் உரக்க வைத்தான்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே. ஒட்டுக்கேட்கறவங்களுக்குக் கேட்டிருக்கும்," என்றான். "வா, காபி குடிக்கலாம். ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வர்றியா?"

*

வெண்டல் போனான். அந்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, அதற்கும் அடுத்தது. போகாமல் என்ன செய்வது? மருத்துவரைக் கூட்டிவந்தான். ஆர்னி அவருக்குக் காபி கொடுத்து வழியனுப்பிவைத்தான். பாதிரியாரைக் கூட்டிவந்தான், அவருக்கும் காபி. டார்லா கெஞ்சினாள், ஒருநாள் தட்டை எறிந்தாள். எதுவும் அவனைத் தொடவில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான். தம்பி திரும்பக் கிடைத்துவிட்டான். வெண்டலுக்கும், சொல்ல வெட்கமாக இருந்தாலும், அந்த மூன்று ஞாயிறும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சட்டத்தை மீறி ஒவ்வொரு முறையும் தொலைபேசியை உள்சட்டைப் பையில் ஒளித்துவைத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் ஞாயிறு வெயில் அடித்தது. குடிலுக்குள் துளையின் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது. ஆர்னி தூண்டிலை ஆட்டிக்கொண்டே, "இந்த மீனுங்களும் நீ சொல்றதை நம்பறதை விட்டுடுச்சு போலிருக்கு, ஒண்ணும் வர மாட்டேங்குது" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டான்.

வெண்டல் தொலைபேசியை எடுத்தான். முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அண்ணனைத் தரையில் படுக்கவைத்துத் தலையை மடியில் எடுத்துக்கொண்டான். ஆர்னியின் முகம் பனியின் நிறத்துக்கு வந்திருந்தது. கண் தம்பியின் கையிலிருந்த தொலைபேசியில் நின்றது.

"குடிலுக்குள்ள ஃபோனா," என்றான்.

"மன்னிச்சுக்கோ."

"பரவாயில்லை." மூச்சை இழுத்தான். பிறகு கேட்டான்: "அம்மா என்னன்னு கேட்டாங்க? தாள்ல எப்படி எழுதியிருந்துச்சு?"

"பையங்க எங்கன்னு."

"எத்தனை தடவை?"

ஒருமுறைதான் என்று சொல்லியிருக்கலாம். அன்பினால் சொல்கிற பொய் என்ன செய்யும் என்று அவன் அதற்குள் பார்த்துவிட்டிருந்தான்.

"ரெண்டு தடவை."

ஆர்னி தலையை அசைத்தான், பல வருடமாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டவனைப்போல. "நான்தானே கேட்டேன், ஒரு மணி நேரம்," என்றான். அதன்பிறகு பேசவில்லை. ஆம்புலன்ஸ் கரைக்கு வந்தபோது வெண்டல் தன் மேல்சட்டையை அவன்மேல் போர்த்திவிட்டுக் குடிலுக்கு வெளியே நின்றிருந்தான்.

*

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார்கள். மார்வெல் முந்நூறு மைல் சுற்றளவுக்குப் போதுமான பாஸ்டிகளைச் சுட்டு எடுத்துவந்திருந்தாள். வெண்டலைப் பார்த்தாள், கிண்டலுக்கு வாய் வராமல் அவன் கன்னத்தை மட்டும் தட்டினாள். டுலூத் நகரத்திலிருந்து வண்டியோட்டி வந்ததாகச் சொன்ன ஒரு நடுவயதுக்காரர் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில், "உங்க அடையாளத்தை நாங்க பார்த்தோம். உங்க அண்ணன் எதுக்கு இறந்தார்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். வெண்டல் அவர் முகத்தைப் பார்த்தான். நல்ல முகம். ஆறு வருடத்துக்கு முன்னால் தனக்கு இருந்த முகம்.

டார்லா நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதைப் படித்துவிட்டிருந்தாள். ஒவ்வொரு வீடியோவின் தேதியும், பக்கத்தில் ஒரு சொல்லும். நூற்று நான்கு வாரம் 'இடது'. கடைசிக்கு முந்திய வரியில் 'இடது' என்று எழுதி அதற்குப் பக்கத்தில், 'சின்னவன் நன்றாக இருக்கிறான்' என்று சின்ன எழுத்தில் சேர்த்திருந்தான்.

"அந்த ஒரு மணி நேரம் அவர் கேட்டதுன்னு எனக்கு எப்பவும் தெரியும்," என்றாள் டார்லா. "தூக்கத்துல சொல்லுவார். நான் கேட்டதா காட்டிக்கிட்டதில்லை. காட்டியிருக்கணுமோ என்னவோ."

"அதை வெளியில சொல்லலாமா, டார்லா?"

அவள் தன் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவர் பேரைச் சொல்லியே சொல்லு. மறைச்சு மறைச்சுத்தானே இவ்வளவும் ஆச்சு."

மறுநாள் காலை வெண்டல் அம்மாவின் மேஜைமுன் உட்கார்ந்தான். கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்தான். பிறகு, கடிகாரமே இல்லை என்றால் அதற்கு என்ன பொருள் என்று எங்கோ ஒருவர் நோட்டில் எழுதுவார் என்று தோன்றியது. எடுத்து இடது கையில் கட்டினான். புண் ஆறியிருந்தது, தழும்பின்மேல் வார் உரசியது. கைகளை மேஜைமேல் வைத்தான், மடியில் வைத்தான், மறுபடி மேஜைமேல் வைத்தான். எங்கே வைத்தாலும் அதில் ஏதோ ஒன்று தெரியும் என்று பட்டது. போன வீடியோவில் ஒரு பொய் சொன்னேன் என்று தொடங்கினால், பார்த்தீர்களா, அவனே ஒப்புக்கொள்கிறான் என்பார்கள். அதுவும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே அவன் மறுபடி பனி வார வேண்டிய சாலை வெள்ளையாகக் கிடந்தது.

பொத்தானை அழுத்தினான்.

"போன தடவை உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன்," என்றான். "இன்னும் ஒரு மணி நேரம் கேட்டது நான் இல்லை. என் அண்ணன் ஆர்னி. மீன் கடிச்சுது, அதனால கேட்டான். யாரா இருந்தாலும் கேட்டிருப்பாங்க."